ரைஃபிள் கேஸ் நெக்கைக் கடைசல் பிடிக்கறது எப்படி: புதுசா இறங்கறவங்களுக்கு

வீட்ல தோட்டா ரீலோட் பண்ண, அதாவது சுட்ட வெறும் கேஸை மறுபடி நிரப்பித் தோட்டாவாக்க, ஆரம்பிச்சு ஒரு வருஷம் போல ஆனதும் எல்லாருக்கும் ஒரு அரிப்பு வரும், நெக் டர்னிங் பண்ணிப் பாத்தா என்னன்னு. எனக்கும் வந்துச்சு. டூலை வாங்கி, ஒழுங்கா அளக்காம கொள்ளாம உக்காந்து முதல் ராத்திரியே இருபது நல்ல கேஸை நாசம் பண்ணேன். அதனால இதை எழுதும்போதே ஒண்ணு சொல்லிடறேன், இந்த வேலைல கடையறது கால்வாசிதான், மீதி முக்கால்வாசி அளக்கறதும் அதுக்கு முன்னாடி கேஸைத் தயார் பண்றதும். ரீலோடிங்கே இன்னும் ஆரம்பிக்கலைன்னா சும்மா படிச்சு வெச்சுக்கங்க, டூல் எதுவும் இப்ப வாங்காதீங்க.

நான் அமெரிக்கால, டெக்சாஸ்ல இருந்துக்கிட்டு எழுதறேன், அதனால அளவெல்லாம் இன்ச்சுலதான் வரும். ஒரு இன்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்கை இங்க "தௌ"ன்னு சொல்லுவாங்க, 0.001 இன்ச். தலைமுடி ஒண்ணு ரெண்டுல இருந்து நாலு தௌ தடிமன் இருக்கும். நாம இங்க பேசப்போறது பெரும்பாலும் ஒரு தௌ, அரை தௌ சமாச்சாரம்.

முதல்ல எதைக் கடையறோம்?

பித்தளைக் குப்பி மாதிரி இருக்கே அதுதான் கேஸ். அடிப்பக்கம் நெருப்பு மூட்டற பிரைமர், வயித்துல வெடிமருந்துப் பவுடர், வாயில புல்லட். அந்த வாய்ப்பகுதில புல்லட்டைக் கவ்விப் பிடிச்சுக்கற நேரான குழாய்தான் நெக், அதுக்குக் கீழ சரிவா இறங்கறது ஷோல்டர். நெக்கோட வெளிப்பக்கத்தை ஊர்ல லேத் பட்டறைல கடைசல் பிடிக்கற மாதிரியே கொஞ்சூண்டு சீவி, சுவர் சுத்திவர ஒரே தடிமன்ல இருக்கற மாதிரி பண்றதுதான் நெக் டர்னிங். அவ்ளோதான், இதுல மந்திரம் ஒண்ணும் இல்ல.

ஏன் ஒரே தடிமனா இல்லாம வருதுன்னு கேட்டா, கேஸ் செய்யற விதம் அப்படி. 70 பங்கு செம்பு 30 பங்கு துத்தநாகம் கலந்த பித்தளைல ஒரு சின்ன கப்பு மாதிரி அடிச்சு, அதை மேல மேல பஞ்ச் வெச்சு இழுத்து இழுத்து நீட்டித்தான் கேஸ் ஆக்கறாங்க. பஞ்ச் நடுவுல இருந்து இம்மி விலகினாலும் ஒரு பக்கம் தடிப்பு, எதிர்ப்பக்கம் மெலிசு. இப்படி இருக்கற நெக் புல்லட்டைப் பிடிச்சா புல்லட் நட்டநடுவுல நிக்காது, சுடும்போதும் மெலிசான பக்கம் முன்னாடி விரியும் தடிச்ச பக்கம் லேட்டா விரியும், ஒவ்வொரு ரவுண்டும் புல்லட்டை ஒவ்வொரு விதமா விடும். 100 யார்டுல டார்கெட் அடிக்கறவருக்கு இது பெருசாத் தெரியாது. குரூப்பை, அதாவது சுட்ட ஓட்டைங்க பரவற அகலத்தை, கால் இன்ச்சுக்குள்ள கொண்டுவரணும்னு தவம் கிடக்கறவருக்குத் தெரியும்.

இங்க ஒரு சங்கதி, நிறைய பேர் கவனிக்கறதில்ல: நெக்குல கோணல் இருந்தா அந்தக் கோணல் பெரும்பாலும் நெக்கோட நிக்காது, அதே பக்கமா கேஸ் உடம்பு முழுக்க கீழ வரைக்கும் ஓடும். நெக்கை நீங்க கடைஞ்சு சரி பண்ணிடலாம், உடம்பை எதைக்கொண்டு சரி பண்ணுவீங்க? ரொம்ப கோணலான கேஸை சுட்டா அது லேசா வாழைப்பழம் மாதிரி வளையும். அதனால மூணு தௌ வித்தியாசம் காட்டற கேஸைக் கடைஞ்சு காப்பாத்த நினைக்காதீங்க, பயிற்சிக்கு ஒதுக்கிடுங்க. கடைசல் நல்ல கேஸை இன்னும் நல்லாக்கும், மோசமான கேஸை மோசம்னு தெரியாம மறைச்சுடும், அதுதான் ஆபத்து.

உங்களுக்குத் தேவையா இல்லையா?

ரெண்டு கூட்டம் இருக்கு. முதல் கூட்டத்துக்கு வேற வழியே இல்ல. அவங்க ரைஃபிள்ல சேம்பரோட, அதாவது தோட்டா போய் உக்கார்ற குழியோட, நெக் பகுதியையே இறுக்கமா வெட்டி வெச்சிருப்பாங்க. துப்பாக்கியை மேஜைல தாங்கி வெச்சு சுடற பெஞ்ச்ரெஸ்ட் போட்டில ஓடற 6 பிபிசிங்கற தோட்டா இதுக்கு நல்ல உதாரணம், 1970கள்ல லூ பால்மிசானோவும் ஃபெரிஸ் பிண்டெல்லும் சேர்ந்து .220 ரஷ்யன் கேஸை மாத்தி உருவாக்கினது. அதுல சேம்பர் நெக் வழக்கமா 0.262 இன்ச். புல்லட் 0.243. நெக் சுவர் 0.0085 இருந்தா ரெண்டு பக்கமும் சேர்த்து 0.017, ஆக மொத்தம் லோட் பண்ண ரவுண்டோட நெக் 0.260. சேம்பருக்கும் இதுக்கும் நடுவுல மொத்த இடைவெளி ரெண்டே தௌ. கடையாத கேஸை அங்க போட்டா உள்ளயே போகாது, இல்ல அடிச்சுத் திணிச்ச மாதிரி போய் மாட்டும், அது இன்னும் மோசம்.

ரெண்டாவது கூட்டம் நம்மள மாதிரி ஆளுங்க, கடைல வாங்கின சாதாரண ரைஃபிள். .308 வின்செஸ்டரை எடுத்துக்கங்க, புல்லட் 0.308, சுவர் 0.015ன்னா லோட் பண்ண நெக் 0.338. ஃபேக்டரி சேம்பர் நெக் அதைவிட ஆறு தௌவுக்கும் மேலயே பெருசா இருக்கும். இடம் தாராளமா இருக்கு, அதனால இடத்துக்காகக் கடைய வேண்டியதே இல்ல. நமக்கு வேண்டியது சமமான சுவர் மட்டும்தான், அதனால மேடு தட்டற அளவுக்கு லேசா சீவினாப் போதும். இன்னும் மெலிசாக்கினா இடைவெளி இன்னும் கூடும், நெக் ஒவ்வொரு தடவையும் அதிகமா விரிஞ்சு அதிகமா சுருங்கும், பித்தளை சீக்கிரம் விறைச்சுப் போய் வாய் வெடிக்கும். மெலிசா இருந்தா நல்லதுன்னு யாரோ சொன்னாங்கன்னு நானும் ஒரு காலத்துல நம்பினேன், அந்த இருபது கேஸ் கதை அதுதான்.

நேர்மையா சொல்லணும்னா ஃபேக்டரி ரைஃபிள் வெச்சிருக்கறவர் நல்ல கேஸா வாங்கி, மேன்ட்ரல்ங்கற உருளைக் கம்பி வெச்சு நெக்கை உள்பக்கமா விரிச்சு, ஷோல்டரை சரியான அளவுல சைஸ் பண்ணி (அமுக்கி அளவுக்குக் கொண்டுவந்து), பவுடரை ஒழுங்கா எடைபோட்டா கிடைக்கற லாபத்துல பாதி கூட நெக் டர்னிங்ல கிடைக்காது. அதெல்லாம் முடிச்சு இன்னும் ஆசை இருந்தா தொடர்ந்து படிங்க.

நடுவுல கொஞ்சம் சட்டம்

இதை எழுதாம விட்டா தப்பு, ஏன்னா படிக்கறவங்கள்ல பாதிப்பேர் விசால இருக்கறவங்க. அமெரிக்க ஃபெடரல் சட்டத்துல தோட்டாங்கற சொல்லுக்குள்ள வெறும் கேஸ், பிரைமர், புல்லட், பவுடர் எல்லாமே தனித்தனியா அடங்கும். ஹெச்-1பி, எஃப்-1 மாதிரி நான்-இமிக்ரன்ட் விசால இருக்கறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வெச்சிருக்கக் கூடாது, செல்லுபடியாகற வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்கு இருக்கு, ஆனா அதை ஒரு வக்கீல்கிட்ட கேட்டு உறுதி பண்ணிக்கங்க, ரேஞ்சுல பக்கத்து பெஞ்ச்காரர் சொன்னாருன்னு நம்பாதீங்க. கிரீன் கார்டு வந்தவங்களுக்கு இந்தத் தடை இல்ல. சொந்த உபயோகத்துக்கு ரீலோட் பண்ண ஃபெடரல் லைசென்ஸ் வேண்டாம், விக்கறதுக்காகப் பண்ணா வேணும், மாநில சட்டம் தனி.

இந்தியால கதையே வேற. 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிக்கறது குற்றம், தோட்டாவோட பாகங்களும் அதைச் செய்யற கருவிகளும்கூட அந்தச் சட்டத்துல தோட்டா கணக்குலதான் வரும். அதனால ஊர்ல இருந்து படிக்கறவங்க இதைத் தெரிஞ்சுக்க மட்டும் படிங்க. இங்க இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை, ரேஞ்சுக்குக் கொண்டுபோற பையை ஊருக்குப் போற லக்கேஜா எப்பவும் எடுக்காதீங்க. மூலைல சுருண்டு கிடக்கற ஒரே ஒரு ரவுண்டு போதும், சென்னை ஏர்போர்ட்ல அத்தை மாமா எல்லாம் வெளிய மாலையோட நிக்க நீங்க உள்ள போலீஸ்கிட்ட விளக்கம் சொல்லிக்கிட்டு நிப்பீங்க.

என்னென்ன வேணும்

டர்னிங் டூல் ஒண்ணு. கைல பிடிச்சுப் பண்றது இருக்கு, கே அண்ட் எம், சின்க்ளேர், 21ஸ்ட் செஞ்சுரி, ஃபார்ஸ்டர், ஹார்னடி எல்லாரும் போடறாங்க. எதை எடுத்தாலும் அமைப்பு ஒண்ணுதான்: நடுவுல ஒரு ஆர்பர், அதாவது நெக்குக்குள்ள நுழையற கம்பி, அதுக்குப் பக்கத்துல ஒரு கட்டர். ஆர்பருக்கும் கட்டருக்கும் நடுவுல இருக்கற சந்துதான் உங்க நெக் சுவரோட தடிமன். அந்த சந்தை அட்ஜஸ்ட் பண்ற மைக்ரோமீட்டர் மாதிரி ஒரு திருகு இருந்தா நல்லது, இல்லாம வெறும் ஸ்குரூவை மட்டும் நம்பறதுன்னா பொறுமை நிறைய வேணும். ஆர்பர் கார்பைடுல கிடைச்சா கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்கலாம், பித்தளை அதுல அவ்வளவா ஒட்டாது, சூடு ஏறினாலும் ஸ்டீல் அளவுக்கு விரியாது.

கட்டரோட முனைக்கோணம் உங்க ஷோல்டர் கோணத்தோட ஒத்துப்போகணும். .308க்கு 20 டிகிரி, 6.5 கிரீட்மோருக்கும் 6 பிபிசிக்கும் 30 டிகிரி, .30-06க்கு பதினேழரை. பொருந்தாத கட்டரை வெச்சா ஷோல்டர்ல போய் கத்தி மாதிரி கீறிடும்.

அப்புறம் எக்ஸ்பேண்டர் மேன்ட்ரல், அதை ரீலோடிங் பிரஸ்ல மாட்டற டை (அச்சு). பொதுவா மேன்ட்ரல் புல்லட்டைவிட ஒரு தௌ சின்னதாவும் ஆர்பர் ரெண்டு தௌ சின்னதாவும் இருக்கும். ரெண்டையும் ஒரே கம்பெனில ஜோடியா வாங்குங்க, இங்க ஒண்ணு அங்க ஒண்ணுன்னு வாங்கினா பொருந்தாம அவதிப்படுவீங்க.

முக்கியமானது உருண்டை முனை மைக்ரோமீட்டர், ஒரு பத்தாயிரத்துல ஒரு பங்கு வரைக்கும் காட்டறது. ஸ்டாரெட், மிட்டுடோயோ எல்லாம் இருக்கு. டிஜிட்டல் கேலிப்பர் இருக்கே போதாதான்னு கேப்பாங்க. போதாது. அதோட தாடை தட்டை, நெக்கோட உள்பக்கம் வளைவு, அளவு எப்பவும் கூடத்தான் காட்டும், போதாக்குறைக்கு ஒரு தௌ அது நினைச்சபடி மாறும். டர்னிங் டூல் வாங்க காசு இருந்து மைக்ரோமீட்டருக்கு இல்லைன்னா மைக்ரோமீட்டரை மட்டும் வாங்கிட்டு கேஸை அளந்து பிரிச்சு வெச்சுக்கங்க, அதுவே பாதி வேலை.

இதோட கேஸ் நீளத்தை வெட்டற ட்ரிம்மர், வாய்ப்பிசிறு எடுக்கற சேம்ஃபர் டூல், இம்பீரியல் சைசிங் வாக்ஸ் மாதிரி ஒரு மெழுகு, நாலு சைபர் போட்ட மெல்லிசு ஸ்டீல் வுல், கேஸைச் சுத்தறதுக்கு ஒரு பேட்டரி ஸ்குரூடிரைவர், கண்ணுக்குப் போடற பாதுகாப்புக் கண்ணாடி. கண்ணாடி கண்டிப்பா. பித்தளைச் சீவல் ஊசி மாதிரி இருக்கும்.

அளக்கறது

ஒரே லாட்ல வாங்கின புது கேஸ் நூறு எடுத்துக்கங்க. ஒவ்வொண்ணுலயும் நெக்கைச் சுத்தி நாலு இடத்துல, வாயில இருந்து ஒரே ஆழத்துல அளங்க. அதிகம் எவ்வளவு, குறைச்சல் எவ்வளவுன்னு நோட்ல குறிங்க. எல்லாமே ஒரு தௌவுக்குள்ள இருந்தா நோட்டை மூடிட்டு போய் சுடுங்க, உங்களுக்குக் கடைசல் தேவையில்ல. லபுவா மாதிரி நல்ல கேஸ்ல இது அடிக்கடி நடக்கும். ஒன்றரை, ரெண்டுன்னு வந்தா கடையலாம். மூணுன்னா ஏற்கனவே சொன்னேன், ஒதுக்குங்க.

என் கைல இருந்த ஒரு .308 லாட்ல மெலிசான இடம் 0.0140, தடிச்ச இடம் 0.0155. இதை மனசுல வெச்சுக்கங்க, கீழ இந்த நம்பரை வெச்சேதான் பேசப்போறேன்.

கேஸைத் தயார் பண்றது

சுட்ட கேஸா இருந்தா முதல்ல பிரைமரை எடுத்துடுங்க. உயிரோட இருக்கற பிரைமர் மாட்டின கேஸை டிரில்லுலயோ ஸ்குரூடிரைவர்லயோ சுத்தற வேலை வேண்டவே வேண்டாம். அப்புறம் கழுவி, ஃபுல் லெங்த் சைஸ் பண்ணுங்க, அதாவது கேஸை முழுசா டைல விட்டு அமுக்குங்க. சுட்ட கேஸ்ல ஈயக் கரி ஒட்டியிருக்கும், வேலை முடிச்சு கையை சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் சாப்பாட்டுல வைக்கணும், சமையல் மேடைல இந்த வேலையைப் பண்ணி வீட்ல திட்டு வாங்காதீங்க. புது கேஸா இருந்தா வாய் நசுங்கி வந்திருக்கும், அதுக்கும் மேன்ட்ரல் விடத்தான் போறோம்.

அடுத்தது ட்ரிம், இதைத்தான் நிறைய பேர் தாண்டிப் போயிடறாங்க. கேஸோட வாய் டூல்ல இருக்கற ஸ்டாப்ல போய் முட்டும்போதுதான் கட்டர் ஷோல்டர் கிட்ட நிக்கும். கேஸ் நீளம் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருந்தா கட்டர் நிக்கற இடமும் மாறும், ஒண்ணுல ஷோல்டரைத் தொடவே தொடாது, இன்னொண்ணுல ஷோல்டரைத் தோண்டிடும். .308ன்னா அதிகபட்சம் 2.015, ட்ரிம் அளவு 2.005. 6.5 கிரீட்மோர்னா 1.920, 1.910. எந்த அளவுன்னாலும் பரவால்ல, எல்லாம் ஒண்ணா இருக்கணும். ட்ரிம் பண்ணிட்டு வாயோட உள்பிசிறு வெளிப்பிசிறு ரெண்டையும் எடுங்க, உள்ள பிசிறு இருந்தா ஆர்பரைச் சுரண்டும்.

இப்ப மேன்ட்ரல். நெக்கோட உள்ள லேசா மெழுகு தடவி, பிரஸ்ல மேன்ட்ரல் டையை மாட்டி மெதுவா ஒரு இறக்கு ஒரு ஏத்து. இது ஏன் அவசியம்னா, சைசிங் டை நெக்கை வெளிய இருந்து அமுக்கும், அப்ப தடிப்பு வித்தியாசம் எல்லாம் உள்பக்கம் தள்ளப்பட்டிருக்கும். மேன்ட்ரல் உள்ள இருந்து தள்ளினா உள்பக்கம் வட்டமாயிடும், மேடு பள்ளம் எல்லாம் வெளிப்பக்கம் வந்துடும். கட்டர் வெளியதானே இருக்கு, மேடு அதுக்கு எட்டற இடத்துக்கு வந்தாத்தானே சீவும். அன்னைக்குக் கடையப்போற கேஸை மட்டும் அன்னைக்கே விரிங்க, ராத்திரி விரிச்சு வெச்சு வாரக் கடைசில கடையலாம்னா பித்தளை கொஞ்சம் சுருங்கி நிக்கும்.

விரிச்ச கேஸை ஆர்பர்ல மாட்டி விரலால சுத்திப் பாருங்க. லேசா இழுக்கற மாதிரி, மெழுகுப்பதத்துல வழுக்கணும். லொடலொடன்னு ஆடினா கடைசல் கோணலாத்தான் வரும். கிறீச்னு சத்தம் போட்டு இறுகினா இன்னும் மெழுகு வேணும், இல்ல மேன்ட்ரல் பெருசு வேணும். இறுக்கத்தோட சுத்தினா பித்தளை ஆர்பர்ல ஒட்டிக்கும், அது நடந்தா ஆர்பரைத் தேச்சு எடுக்கறது ஒரு அரைநாள் வேலை, அனுபவத்துல சொல்றேன்.

கட்டரை செட் பண்றது

ஒதுக்கி வெச்ச கேஸ் இருக்கே, அதுக்கெல்லாம் இப்பத்தான் வேலை. கட்டரை முதல்ல நல்லா விலக்கி வெச்சு, ஒரு ஒதுக்கின கேஸை உள்ள விட்டு, கட்டர் லேசா தொடற வரைக்கும் கொண்டு வாங்க. ஒரு சுத்து விட்டு அளங்க. கொஞ்சம் இறக்குங்க, இன்னொரு சுத்து, மறுபடி அளங்க. திருகுல இருக்கற நம்பரை நம்பாதீங்க, மைக்ரோமீட்டர் என்ன சொல்லுதோ அதுதான் தீர்ப்பு.

என் .308 கணக்குல மெலிசு 0.0140, தடிப்பு 0.0155. நான் கட்டரை 0.0145ல நிறுத்தினேன். அப்படி நிறுத்தினா தடிச்ச பக்கத்துல ஒரு தௌ போகும், மெலிசான பக்கத்தை கட்டர் தொடவே தொடாது, கடைஞ்சு முடிச்ச நெக்கைப் பாத்தா முக்கால் பங்கு பளபளன்னும் கால் பங்கு பழைய நிறத்துலயும் இருக்கும். புதுசாப் பண்றவங்களுக்கு அந்தக் கால் பங்கு பழைய நிறத்தைப் பாத்தா மனசு அடிச்சுக்கும், இன்னும் ஒரு அரை தௌ இறக்கினா முழுசும் பளபளன்னு ஆயிடுமேன்னு. ஆகும். ஆனா ஃபேக்டரி சேம்பருக்கு அது வேண்டாம். இறுக்கமான சேம்பர்காரங்கதான் முழு நெக்கும் மின்னற வரைக்கும் கடையணும், அவங்களுக்கு ஒரு குறிப்பிட்ட நம்பர் இருக்கு. ஒரு தௌ ஒன்றரை தௌவுக்கு மேல எடுக்க வேண்டியிருந்தா ரெண்டு தடவையா எடுங்க, முதல் தடவை பெருசா, ரெண்டாவது தடவை கால் அரை தௌ மட்டும், ரெண்டாவதுதான் அளவு சுத்தமா வரும்.

கடைசல்

கேஸோட அடியை ஹோல்டர்ல இறுக்கி பேட்டரி ஸ்குரூடிரைவர்ல மாட்டுங்க. நிமிஷத்துக்கு இருநூறு சுத்து மாதிரி மெதுவா ஓடறதே போதும், ஆறாயிரம் சுத்தற டிரில்லை எடுத்துக்கிட்டு வராதீங்க. ஆர்பர்லயும் நெக் உள்ளயும் மெழுகு, வெளிய கட்டர் படற இடத்துல ஒரு துளி. டூலை இடது கைல, சோப்பு பிடிக்கற மாதிரி தளர்வாப் பிடிங்க. வைஸ்ல கடிக்க வெச்சு ரெண்டு பக்கமும் இறுக்கமா இருந்தா கேஸும் ஆர்பரும் நேருக்கு நேர் வராம ஒண்ணை ஒண்ணு வளைக்கும், ஏதாவது ஒரு பக்கம் மிதக்கணும்.

சுத்த விட்டுட்டு மெதுவா, ஒரே வேகத்துல உள்ள தள்ளுங்க. அவசரப்பட்டுத் தள்ளினா நெக்குல மரையாணி மாதிரி வரி விழும். நல்ல வேகத்துல போனா சீவல் மெல்லிசா, பட்டு நூல் மாதிரி சுருண்டு வரும். வாய் ஸ்டாப்ல முட்டினதும் அங்கயே ரெண்டு மூணு சுத்து நிறுத்தி வெச்சு, சுத்திக்கிட்டே இருக்கும்போதே வெளிய எடுங்க. நடுவுல சுத்தறதை நிறுத்தினா அந்த இடத்துல ஒரு வளையக் கோடு விழுந்துடும். ஒவ்வொரு கேஸுக்கும் ஆர்பரைத் துடைச்சு புதுசா மெழுகு போடுங்க, பழைய மெழுகுல சீவல் தூள் கலந்து மணல்தாள் மாதிரி ஆயிடும். தரைல கார்ப்பெட் இருக்கற ரூம்ல பண்ணாதீங்க, வெறுங்காலோட நடக்கறவங்க வீடு நம்ம வீடு, சீவல் ஏறினா எடுக்கறது பெரும்பாடு.

ஷோல்டர்ல எங்க நிறுத்தறதுன்னு இப்ப பாக்கலாம், இந்த வேலைல கேஸை நாசம் பண்ற இடமே அதுதான். கட்டர் நெக் முடியற இடத்தோட நின்னுட்டா, நாளடைவுல சுடச்சுட ஷோல்டர்ல இருக்கற தடிச்ச பித்தளை நெக்கோட அடிக்கு நகர்ந்து வந்து உள்பக்கம் ஒரு வளையம் மாதிரி நிக்கும். இங்க அதை டோனட்னு சொல்லுவாங்க, நமக்கு மெதுவடைன்னு சொன்னாப் புரியும். புல்லட்டோட அடி அந்த வளையத்துல போய் உக்காந்தா அங்க மட்டும் இறுக்கிப் பிடிக்கும், பிரஷர் தாறுமாறா ஏறும். அதைத் தடுக்கத்தான் கட்டரை ஷோல்டருக்குள்ள இம்மியளவு, ஒரு இன்ச்சுல முப்பத்திரண்டுல ஒரு பங்கு போல, விடறாங்க. பாத்தா ஷோல்டர் ஆரம்பிக்கற இடத்துல ஒரு மெல்லிசு பளபளப்பு வளையம் தெரியணும், அவ்ளோதான். விரல் நகத்தால தடவினா படி மாதிரி தட்டுச்சுன்னா ஆழமாப் போயிட்டீங்க, அந்தக் கேஸ் அந்த இடத்துலயே வெட்டுப்பட்டு நெக் தனியாக் கழண்டு சேம்பருக்குள்ள நின்னுடலாம். அப்படி ஒண்ணு வந்தா யோசிக்காம இடுக்கியால நசுக்கித் தூக்கிப் போடுங்க, நசுக்கலைன்னா ரெண்டு மாசம் கழிச்சு நல்ல கேஸோட கலந்துடும்.

சூடும் ஒரு வில்லன். பத்து கேஸ் தொடர்ந்து பண்ணா ஆர்பர் சூடாகி விரியும், கட்டருக்கும் அதுக்கும் நடுவுல இருக்கற சந்து குறையும், முதல் கேஸுக்கும் பத்தாவது கேஸுக்கும் ஒரு தௌல பத்துல ஒண்ணு ரெண்டு பங்கு வித்தியாசம் வந்துடும். நம்ம தேடறதே அந்த வித்தியாசத்தைத்தானே. அதனால அஞ்சு கேஸுக்கு ஒரு தடவை நிறுத்தி அளங்க, டூலைத் தொட்டுப் பாருங்க, கைக்கு வெதுவெதுன்னு இருந்தா ஒரு காபி குடிச்சுட்டு வாங்க. நூறு கேஸை ஒரே ராத்திரில முடிக்கணும்னு வீராப்பு வேண்டாம், நாற்பதுக்கு மேல எனக்கே கை தளர்ந்து வேகம் மாற ஆரம்பிச்சுடும்.

முடிஞ்சப்புறம்

கேஸ் சுத்திக்கிட்டு இருக்கும்போதே ஸ்டீல் வுல்லை நெக்ல ஒரு ரெண்டு நொடி தொட்டா கட்டர் வரி எல்லாம் போயிடும். அதிகம் தேய்க்காதீங்க, அதுவும் பித்தளையை எடுக்கும். மெழுகைக் கழுவி எடுத்துட்டு, வாய்ப்பிசிறை மறுபடியும் மெதுவா எடுங்க, சுவர் இப்ப மெலிசு, பழைய அழுத்தம் கொடுத்தா வாய் பிளேடு மாதிரி ஆயிடும். மறுபடி நாலு இடத்துல அளந்து நோட்ல எழுதுங்க. கட்டர் தொட்ட இடமெல்லாம் ஒரு தௌல பத்துல ரெண்டு மூணு பங்குக்குள்ள இருந்தா முதல் தடவைக்கு ரொம்ப நல்ல வேலை.

இப்ப லோட் பண்றதுக்கு முன்னாடி ஒரு கணக்கு, இதை மறந்தா கடைசல் பண்ணாமலே இருந்திருக்கலாம். நெக் மெலிசாயிடுச்சு, அப்போ லோட் பண்ண ரவுண்டோட நெக் அளவும் குறையும். முன்னாடி 0.015 சுவர், 0.338 நெக், புஷிங் டைல 0.336 புஷிங் (நெக்கை வெளிய இருந்து அமுக்கற வளையம்) போட்டு ரெண்டு தௌ பிடிப்பு வெச்சிருந்தேன். இப்ப சுவர் 0.0145, நெக் 0.337. பழைய புஷிங்கையே போட்டா பிடிப்பு ஒரு தௌ ஆயிடும். இன்னும் அரை தௌ கடைஞ்சிருந்தா நெக் 0.336, பழைய புஷிங்ல பிடிப்பே இருக்காது, புல்லட்டை விரலால அமுக்கினா கேஸுக்குள்ள போயிடும், துப்பாக்கில ஏத்தும்போது பின்னாடி தள்ளப்பட்டா உள்ள இடம் குறைஞ்சு பிரஷர் எகிறும். ஒரு தௌ சின்ன புஷிங் வாங்கிட்டு அப்புறம் லோட் பண்ணுங்க. கடைஞ்ச கேஸையும் கடையாததையும் ஒரே டப்பால போடக் கூடாது, ரெண்டுக்கும் ஒரே லோடும் (பவுடர் அளவும்) கூடாது. ஏற்கனவே வெச்சிருந்த லோடை அப்படியே கொண்டு வராம, மேனுவல்ல இருக்கற ஸ்டார்ட்டிங் லோடுல இருந்து மறுபடி ஏறி வாங்க.

இறுக்கமான சேம்பர்காரங்களுக்கு இடைவெளி விஷயம் உயிர் விஷயம். பேரல்லயே நெக் அளவைப் பொறிச்சிருப்பாங்க, 0.262 மாதிரி. பழைய ரைஃபிளை யார்கிட்டயாவது வாங்கி அதுல எதுவும் பொறிக்கலைன்னா செரோசேஃப்னு ஒரு உலோகக் கலவை இருக்கு, 158ல இருந்து 190 டிகிரி ஃபாரன்ஹீட்லயே உருகிடும், சேம்பர்ல ஊத்தி அச்சு எடுத்து, ஒரு மணி நேரம் கழிச்சு அளந்தா சேம்பரோட நிஜ அளவு வரும். பண்ணத் தெரியலைன்னா கன்ஸ்மித்கிட்ட கொடுத்துடுங்க. லோட் பண்ண நெக்குக்கும் சேம்பருக்கும் நடுவுல மொத்தம் ரெண்டு தௌவாவது இருக்கணும், அதுக்குக் கீழ போறதெல்லாம் பல வருஷம் போட்டில நின்னவங்க வேலை.

எந்த சேம்பரா இருந்தாலும் ஒரு சுலபமான சோதனை இருக்கு. சுட்ட கேஸை, சைஸ் பண்ணாம, அப்படியே எடுத்து அதுக்குள்ள ஒரு புது புல்லட்டை விரலால விட்டுப் பாருங்க. தடையில்லாம வழுக்கி உள்ள போனா நெக்குக்கு விரிய இடம் இருந்திருக்குன்னு அர்த்தம். போகாம நின்னா, வாய் உள்பக்கம் மடங்கியிருக்கான்னு பாருங்க, அது இல்லைன்னா நெக் விரியவே இடம் இல்லாம சுட்டிருக்கீங்க, அடுத்த ரவுண்டைச் சுடாதீங்க, எல்லாத்தையும் பிரிச்சு மறுபடி அளங்க.

நெக்கை விரிச்சு, கடைஞ்சு, சுட்டு, மறுபடி அமுக்கின்னு பண்ணும்போது பித்தளை விறைக்கும். மூணு நாலு தடவை சுட்டப்புறம் அனீலிங் பண்றது, அதாவது நெக்கையும் ஷோல்டரையும் மட்டும் சூடு காட்டி இளக்கறது, நல்லது, அடிப்பக்கத்துல சூடு ஏறவே கூடாது. மறுபடி கடையணுமான்னு கேட்டா வழக்கமா வேண்டாம், ஒரு கேஸுக்கு ஒரு தடவை போதும். அஞ்சாறு தடவை சுட்டப்புறம் நெக்கோட அடில மட்டும் ஒரு தடவை அளந்து பாத்துக்கங்க, மெதுவடை அதுக்குள்ள வந்து உக்காந்திருக்கும்.